அடுத்த ஓராண்டை எதற்குக் கொடுப்பது? பியானோ ஆசிரியர் முன்னால் இருக்கும் வழிகள்

பியானோ கற்றுத்தரும் தோழி ஒருத்தி சென்ற மாதம் என்னிடம் கேட்டாள்: "பன்னிரண்டு வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருஷம் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பணமும் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். டிப்ளமோ எழுதட்டுமா, இல்லை ஏதாவது பயிற்சிக்குப் போகட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. "போன வாரம் மாணவர் பாடத்தில் இல்லாத ஏதாவது ஒன்றை உனக்காக வாசித்தாயா?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "போன வாரம் இல்லை. போன டிசம்பரில்..." என்று இழுத்தாள்.

அவள் கேட்டது எந்தச் சான்றிதழ் நல்லது என்று. எனக்குக் கேட்டது வேறு. நாள் முழுக்க மற்றவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் வற்றுவது சொந்த வாசிப்பு. மாலையில் முதல் குழந்தை வரும், இரவு கடைசிப் பெண் கிளம்பிப் போவாள், அதற்குப் பிறகு அதே கட்டைகளின்மேல் கை வைக்கத் தோன்றாது. இப்படியே சில வருடங்கள் போனால் பாடம் சொல்லும் குரலில் ஒரு சலிப்பு ஏறிவிடும். நமக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

1876இல் தொடங்கிய அமெரிக்க இசை ஆசிரியர் சங்கமான எம்டிஎன்ஏ, தன் ஆசிரியர் சான்றிதழுக்கு ஐந்து தரநிலைகளை வகுத்திருக்கிறது. படிப்பு, கற்பிக்கும் திறன், தொழிலை நடத்தும் முறை போன்றவற்றோடு ஐந்தில் ஒன்றாக, ஆசிரியர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இசையில் நமக்கு இருக்கும் மகிழ்ச்சியும் நம் வேலைக் கருவிகளில் ஒன்று. ட்யூனிங் போன பியானோவில் பாடம் நடத்த மாட்டோம்; வறண்டுபோன மனதோடு மட்டும் நடத்தலாம் என்று எப்படி ஆனது?

அதனால் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும், அது நம்மை மறுபடி பியானோ முன்னால் உட்காரவைத்துக் காதைத் திறக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பத்தொன்பது ஆண்டாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே வரும் வழிகளில் பெரும்பாலானவற்றில் நானே நடந்திருக்கிறேன்.

டிப்ளமோ

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு தேர்வு அமைப்புகள் இதில் பிரபலம். டிரினிட்டி 1877 முதல் இசைத் தேர்வுகளை நடத்திவருகிறது. ஏபிஆர்எஸ்எம் 1889இல் தொடங்கப்பட்டது. இரண்டிலும் கடைசி கிரேடான எட்டாம் கிரேடுக்கு மேலே டிப்ளமோ படிகள் உண்டு. பெயருக்குப் பின்னால் ஏடிசிஎல், எல்டிசிஎல் என்றோ ஏஆர்எஸ்எம், எல்ஆர்எஸ்எம் என்றோ போட்டுக்கொள்கிறார்களே, அந்த எழுத்துகள் இவைதான்.

டிப்ளமோவில் வாசிப்புக்கானது வேறு, கற்பித்தலுக்கானது வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வாசிப்பு டிப்ளமோ கிட்டத்தட்ட ஒரு சிறு கச்சேரி. ஏஆர்எஸ்எம் என்றால் 30 நிமிட நிகழ்ச்சியோடு சரி; பார்க்காத தாளை அங்கேயே பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங்கும் இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. கற்பித்தல் டிப்ளமோவின் போக்கே வேறு. நம்மிடம் படிக்கும் மாணவர்களைப் பற்றிக் குறிப்பெழுத வேண்டும், ஏன் இந்தப் பாடத்தை இந்த வரிசையில் வைத்தோம் என்று தேர்வாளர் முன்னால் விளக்க வேண்டும். தினமும் யோசிக்காமல் செய்யும் காரியங்களுக்குக் காரணம் தேட வைக்கும் தேர்வு அது. பத்து வருடம் சொல்லிக்கொடுத்தவருக்கு வாசிப்புத் தேர்வைவிட இது அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஆனால் எனக்குத் தெரிந்து விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் வாசிப்புத் தேர்வைத்தான் கேட்டு வருகிறார்கள். பழகிய பாதை அது, அவ்வளவுதான்.

நானும் வாசிப்பைத்தான் எடுத்தேன். எட்டு மாதம், நான்கு உருப்படிகள். தேர்வறையில் முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது இடது கை நடுங்க ஆரம்பித்தது. நிற்கவில்லை, வாசித்து முடித்தேன், தேர்ச்சியும் பெற்றேன். அன்றிலிருந்து எந்த மாணவரிடமும் தேர்வுக்கு முன்னால் "பயப்படாதே" என்று நான் சொன்னதில்லை. "பயம் வரும். வந்த பிறகும் விரல் தன் வேலையைச் செய்யும், அதற்காகத்தான் இவ்வளவு நாள் மெதுவாகப் பழகினோம்" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த எட்டு மாதம் வீணாகவில்லை.

ஆனால் முடிவு வந்த பிறகு ஒரு வருடம் அந்த நான்கு உருப்படிகளின் தாள்களையும் நான் திறக்கவில்லை. தேர்வுக்குப் பழகும்போது காது குற்றம் தேடும் காதாக மாறிவிடுகிறது. பள்ளியில் வேலை வேண்டும், கட்டணத்தை உயர்த்த ஓர் அடிப்படை வேண்டும், பெற்றோர் தகுதி கேட்கிறார்கள் என்றால் தயங்காமல் எழுதுங்கள். சான்றிதழுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. வற்றிய ஊற்றைத் திறக்கும் என்று நம்பி மட்டும் இறங்காதீர்கள். எழுதுவதாக இருந்தால் ஒரு யோசனை: தேர்வே இல்லாவிட்டாலும் வாசிப்பேன் என்று நீங்கள் சொல்லக்கூடிய ஓர் உருப்படியாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

மறுபடியும் மாணவராக உட்காருவது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

டிப்ளமோவுக்கு மூன்று வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய ஓர் ஆசிரியரிடம் போனேன். முதல் வகுப்பில் அவர் எடுத்துவைத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், ஒவ்வொரு கைக்கும் ஒரு மெட்டு, அதாவது ஒரு குரல், என்று இரண்டு குரல்களில் எழுதிய இன்வென்ஷன் என்ற சிறு உருப்படிகளில் நான்காவது, டி மைனரில் இருப்பது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "இடது கையை வாசிங்கம்மா, வலது கையைப் பாடுங்க" என்றார். முதல் இரண்டு பாரில், அதாவது தாளக் கட்டங்களில், இடது கைக்கு வேலை இல்லை, பாடிவிட்டேன். மூன்றாவது பாரில் இடது கை நுழைந்ததும் என் குரல் அதன் பின்னாலேயே போய்விட்டது. மறுபடி பாடினேன், மறுபடியும் போனது. நான்காவது தடவை அவர் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாளா ஒரு குரலைத்தான் கேட்டிருக்கீங்க. இன்னொண்ணு விரல்ல மட்டும் இருந்திருக்கு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாக் 1723இல் இந்தத் தொகுப்பின் முகப்பிலேயே, இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல வாசிக்கும் பாங்கு கைவரவும் இவற்றை எழுதியதாகக் குறிப்பிட்டிருக்கிறார். நான் இதையே இத்தனை வருடமாக விரல் பயிற்சியாக நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சுத்தமாக வாசித்தார்கள். பாடியதில்லை.

இன்னொரு நாள் நடந்தது இன்னும் முக்கியம். ஒரு வாரம் முழுக்கப் பழகிக்கொண்டு போன பக்கம் அவர் வீட்டுப் பியானோவில் குலைந்தது. என் வாயிலிருந்து தானாக வந்தது: "வீட்டுல நல்லா வந்துச்சு சார்." நம் மாணவர்கள் ஒவ்வொரு வாரமும் நம்மிடம் சொல்லும் அதே வாக்கியம். அதை நான் எப்போதும் சாக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மைதான். வயலின்காரர் தன் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார். பியானோ பழகுபவர் போகுமிடத்தில் இருப்பதைத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு பியானோவிலும் கட்டையின் கனம் வேறு, அது இறங்கும் ஆழம் வேறு, எந்த இடத்தில் சத்தம் பிறக்கிறது என்பது வேறு. வீட்டில் கனமே இல்லாத கீபோர்டில் பழகும் குழந்தை நம் பியானோவில் அழுத்தும்போது பாதி நோட்டுகள் ஊமையாகிவிடும். அது பழகாததால் வந்த பிழையே இல்லை. இப்போதெல்லாம் வகுப்பு தொடங்கியதும் முதல் இரண்டு நிமிடம் குழந்தை தன் இஷ்டத்துக்குக் கட்டைகளைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அழுத்திப் பார்க்கும், காது கொடுத்துக் கேட்கும், அதன் பிறகுதான் பாடம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நாற்காலியில் மாணவியாக உட்கார்ந்ததால் தெரிந்தது.

அவரிடம் கற்றதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பியானோ இசையமைப்பாளர் ஷோபன் தன் மாணவர்களின் கையை முதலில் வைத்தது சி மேஜரில் அல்ல. ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில். நீளமான மூன்று விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டையான கட்டை விரலும் சுண்டு விரலும் வெள்ளையிலும் அமரும். கை தன் இயல்பான வளைவில் கிடக்கும். படிக்க எளிதான சி மேஜர் ஸ்கேல் கைக்குக் கடினமானது என்பது அவர் கருத்து. நான் இதைத் தகவலாக அறிந்திருந்தேன். கையை அங்கே வைத்து, ஆசிரியர் என் மணிக்கட்டை இரண்டு விரலால் லேசாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் அறிந்தது கைக்குள் இறங்கியது. இப்போது கை விறைத்து வரும் பிள்ளைகளை முதலில் அங்கேதான் வைக்கிறேன்.

இந்த வழியில் குறையும் உண்டு. சான்றிதழ் கிடைக்காது. செலவுக்கு முடிவு இல்லை. மனதுக்கு வலிக்கும், ஊருக்கெல்லாம் ஆசிரியராக இருந்துவிட்டு ஒருவர் முன்னால் தடுமாறுவது லேசான காரியமில்லை. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது பேரும் புகழும் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் எத்தனை குறை சொல்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றோ இரண்டோ சொல்பவரிடம் சேருங்கள். என் ஆசிரியர் ஒரு வாரத்துக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் கொடுத்ததே இல்லை. நான் என் பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருக்கும் நமக்கு வாரம் ஒரு வகுப்பைவிட இரண்டு வாரத்துக்கு ஒன்று சரியாக இருக்கும். பழக நேரமில்லாமல் போய் உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

முறைப் பயிற்சிகள்

சுசுகி, கோடாய், டால்க்ரோஸ், ஓர்ஃப் என்று இசை கற்பிக்கும் முறைகளின் பெயர்கள் வரும்போது புதிதாகக் கேட்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஒவ்வொன்றும் தொடங்கும் இடம் வேறு.

ஷினிச்சி சுசுகி வயலின் ஆசிரியர். குழந்தை தாய்மொழியை எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே இசையையும் பிடிக்கும் என்பதுதான் அவருடைய அடிப்படை. எழுத்து தெரிவதற்கு எவ்வளவோ முன்னால் குழந்தை பேசிவிடுகிறது. ஆயிரம் தடவை கேட்ட பிறகுதான் முதல் "அம்மா" வருகிறது. அதனால் தினமும் பதிவுகளைக் கேட்பது, வகுப்பில் பெற்றோரும் உட்காருவது, நோட்டேஷனைப் பிறகு பார்ப்பது என்று அந்த முறை போகிறது. பியானோவுக்கும் அதில் பாடத்திட்டம் உண்டு. ஆசிரியர் பயிற்சி புத்தகம் புத்தகமாக நடக்கும், மற்றவர்கள் வகுப்பெடுப்பதைப் பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் அதிகம் வருகிறார்கள் என்றால் இதைப் பார்க்கலாம். பெற்றோர் வகுப்பில் உட்கார நேரமில்லாத சூழலில் இதை முழுதாக நடத்த முடியாது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடாய் முறை பாடுவதிலிருந்து தொடங்குகிறது. ஸ்கேல் மாறினாலும் "டோ" கூடவே நகரும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை அடையாளம் உண்டு. ஓர்ஃப் பெரும்பாலும் குழு வகுப்புக்குப் பொருந்தும்.

என்னை மாற்றியது டால்க்ரோஸ். ஜெனீவா கன்சர்வேட்டரியில் ஹார்மனி கற்றுக்கொடுத்த எமில் ஜாக்-டால்க்ரோஸ், தன் மாணவர்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களான கார்டுகளை விதிப்படி எழுதுகிறார்கள், ஆனால் எழுதியது அவர்கள் காதில் ஒலிக்கவில்லை என்பதைக் கவனித்தார். லயம் உடம்பில் ஏறாமல் விரலில் ஏறாது என்று மாணவர்களை எழுப்பி நடக்கவைத்தார். நான் போனது வெறும் நான்கு நாள் பயிற்சிக்கு. முதல் நாள் காலை முழுக்கப் பியானோவைத் தொடவே இல்லை. பயிற்சி நடத்தியவர் வாசிக்க வாசிக்க அறையைச் சுற்றி நடந்தோம். ஓர் இடத்தில் வேகம் குறைய ஆரம்பித்தது. நான் நடையை வெட்டி நிறுத்தினேன். என் பக்கத்தில் வந்த பெண் ஓர் அடியை நீட்டிக் காற்றில் காலை மிதக்கவிட்டு இறக்கினாள். வேகத்தை மெல்லக் குறைப்பதைக் குறிக்கும் ரிட்டார்டாண்டோ என்ற சொல்லுக்கு எனக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது. இன்று தாளம் தடுமாறும் பிள்ளையைத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு மல்லுக்கட்ட விடுவதில்லை. "எழுந்து வா, நடப்போம்" என்கிறேன்.

முறைப் பயிற்சியில் ஓர் ஆபத்து உண்டு. திரும்பி வரும்போது புதிய மதம் பிடித்ததுபோல எல்லா மாணவர்மேலும் அதையே போடத் தோன்றும். பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கை அடையாளம் வேண்டாம். நான்கு நாளில் ஒன்று உங்களுக்குள் இறங்கினால் போதும்.

ஒரு கேமரா

செலவு இல்லாத வழி, ஆனால் அதிகம் பேர் தள்ளிப்போடும் வழி. பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, போனை அலமாரியில் சாய்த்துவைத்து உங்கள் வகுப்பையே பதிவு செய்யுங்கள்.

நான் முதலில் பதிவு செய்தது எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் அரை மணி நேர வகுப்பு. பதினோராவது நிமிடம். அவள் கை மடியிலிருந்து கட்டைக்கு எழுகிறது. "இந்த இடத்துல ஸ்டக்காட்டோ, ஞாபகம் இருக்கா?" என்கிறேன். கை மடிக்குத் திரும்புகிறது. மறுபடி எழுகிறது. "விரல் நம்பர் பாரு" என்கிறேன். திரும்புகிறது. மூன்றாவது தடவை பாதி வழியில் தானாகவே நின்று என் முகத்தைப் பார்க்கிறாள், அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று. கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தேன். முப்பது நிமிடத்தில் அவள் வாசித்தது ஒன்பது நிமிடம்.

யாராவது வெளியாள் இதைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த வாரமே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கை எழுந்தால் வாய் மூட வேண்டும். மூன்றாவது மாதம் அதே பெண் வகுப்பு முடிகிற நேரத்தில், "இன்னொரு தடவை வாசிக்கட்டுமா மிஸ்?" என்று கேட்டாள்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கேமரா குறையைக் காட்டும், வழியைக் காட்டாது. தனியாகப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். அதனால்தான் இதை அடுத்த வழியோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

சக ஆசிரியர்கள்

நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுவது. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் தன் கடைசி ஆண்டுகளில் ஜெர்மனியின் வைமாரில் கட்டணம் வாங்காமல் நடத்திய வகுப்புகளில், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இன்று மாஸ்டர் கிளாஸ் என்கிறோமே, அந்த வழக்கம் பரவியதில் அந்த வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்தவருக்குச் சொல்லப்படும் திருத்தம் நம் காதில் சுலபமாக ஏறுகிறது. நம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனை. வாசித்துக் காட்டுவது முடிவடையாததாக இருக்க வேண்டும். மெருகேற்றிய உருப்படியைக் கொண்டுவந்தால் கைதட்டல்தான் கிடைக்கும். பாதியில் நிற்கும் பக்கத்தைக் கொண்டுவந்தால் யோசனை கிடைக்கும். அந்த வட்டத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் பாக் எழுதியது என்று சொல்லி நடத்திவந்த ஜி மேஜர் மினுவெட் என்ற நடன உருப்படி உண்மையில் கிறிஸ்டியன் பெட்சோல்டு என்ற இசையமைப்பாளருடையது. பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் வெகுகாலம் பாக் பெயரிலேயே வழங்கிவிட்டது. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம் "நான் தப்பாச் சொல்லியிருக்கேன்" என்று திருத்திச் சொன்னேன். ஒரு வீட்டில் மனைவி தனக்குப் பிடித்ததை எழுதி வைத்துக்கொண்ட நோட்டு என்றதும் அவர்களுக்கு அந்த மினுவெட்டின்மேல் ஆசை கூடிவிட்டது. மூன்று பேர் தங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார்கள்.

வட்டம் கெடுவதும் சீக்கிரம். கட்டணம் தராத பெற்றோர், நேரத்துக்கு வராத பிள்ளை என்று பேச்சு திரும்பினால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. வாசிப்பு முடிந்த பிறகுதான் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணைய வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தியரி, இசை வரலாறு, வகுப்பை நிர்வகிப்பது போன்றவற்றுக்கு நல்லவை, வசதியானவை. பதிவு செய்த பாடம் உங்கள் கையைப் பார்க்காது. வாங்கிவைத்துப் பாதியில் நிற்கும் வகுப்புகள் என்னிடமே நான்கு இருக்கின்றன. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி உள்ளவர்கள் அதை வீடியோ பார்த்துத் திருத்திக்கொள்ள முயலவே வேண்டாம். மருத்துவரிடமும், கை அசைவைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆசிரியரிடமும் போங்கள். மற்ற எல்லா வழிகளும் அதற்குப் பிறகுதான்.

இன்னொருவரோடு வாசிப்பது

இதைத் தொழில் வளர்ச்சிப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

பியானோ தனிமையான கருவி. மெட்டும் துணையும் தாளமும் ஒரே ஆளிடம் இருப்பதால் மற்றவர் தேவையே இல்லை என்று ஆகிவிடுகிறது. பாடகருக்கோ வயலினுக்கோ துணை வாசித்துப் பாருங்கள். தப்பு வந்தால் நிற்க முடியாது, அவர் போய்க்கொண்டே இருப்பார். அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நீங்களும் எடுத்தாக வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஒரு குரலிசைக் குழுவுக்கு வாசித்தேன். அதுவரை ஒவ்வொரு தப்புக்கும் நின்று திரும்பும் பிள்ளைகளிடம் "நிற்காதே" என்று சொல்லித் தோற்றுக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு சொல்வதையே விட்டேன். அவர்களோடு சேர்ந்து கீழ்ப் பகுதியில் இரண்டு கார்டு வாசித்துக்கொண்டே போனேன். நிற்பது தானாக நின்றது.

கேள்வி ஞானத்தில் வாசிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். தாளைப் பார்த்தே வளர்ந்த நம்மில் பலருக்கு, மாணவர் தனக்குப் பிடித்த பாட்டின் பெயரைச் சொல்லி வாசிக்கக் கேட்டால் உள்ளே ஒரு பதற்றம் வரும். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு கார்டை இடது கையில் வைத்துக்கொண்டு மெட்டைத் தேடும் பயிற்சியை நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம் செய்தேன். முதல் மாதம் மிகவும் கடினமாக இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு பையன் முணுமுணுத்ததை அப்படியே பிடித்து வாசித்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, என் டிப்ளமோ முடிவு வந்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. பாக், மொசார்ட், பீத்தோவன் எல்லோருமே உட்கார்ந்த இடத்தில் புனைந்து வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள். தாளை விட்டால் வழியில்லை என்ற நிலை பியானோவோடு பிறந்ததில்லை.

எதை எடுப்பது

கற்பிக்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகாதவர் என்றால், முதலில் நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், உங்கள் வகுப்பைப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் உங்களிடம் வரும் வயதினருக்குப் பொருந்தும் ஒரு முறைப் பயிற்சிக்குப் போங்கள். டிப்ளமோ காத்திருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் என்றால் வரிசை தலைகீழ். கற்பித்தல் டிப்ளமோவை முன்னால் வையுங்கள். கையில் பணமே இல்லை என்றால் கேமராவும் நான்கு தோழர்களும் போதும், அதில் குறைவாகக் கற்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பத்து வருடம் தாண்டி, பாடம் எல்லாம் சரியாக நடந்தும் மனதில் ஒன்றும் அசையவில்லை என்பவர்களுக்குத்தான் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: முதலில் மாணவராகுங்கள், அல்லது யாரோடாவது சேர்ந்து வாசியுங்கள். தகுதி சேர்ப்பதை அடுத்த வருடம் பார்க்கலாம். வறண்ட நிலையில் தேர்வுக்குப் பழகுவது, உப்பில்லாத உணவை அதிகமாகச் சாப்பிடுவதுபோல. வயிறு நிறையும், ருசி வராது.

தோழியிடமும் இதையே சொன்னேன். அவள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. டிப்ளமோ விண்ணப்பத்தை எடுத்துவைத்திருக்கிறாள்; ஆறு மாதம் ஓர் ஆசிரியரிடம் போய்விட்டுப் பிறகு நிரப்புவதாகச் சொல்கிறாள். அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒன்றுக்கு உடனே சரி என்றாள். வியாழன் காலை பத்து மணிக்கு, மாணவர்கள் யாரும் வராத நேரத்தில், நாங்கள் இருவரும் ஒரே பியானோவில் உட்காருகிறோம். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828இல் நான்கு கைகளுக்காக எழுதித் தன் மாணவிக்குச் சமர்ப்பித்த எஃப் மைனர் ஃபேன்டசியை எடுத்திருக்கிறோம். மேல் பகுதி அவளுக்கு, கீழ்ப் பகுதி எனக்கு. நான்கு கை வாசிப்பில், ஒலியை நீட்டும் பெடல் பெரும்பாலும் கீழ்ப் பகுதிக்காரர் காலில்தான் இருக்கும். என் கையைக் கேட்டுக் காலை எடுத்துப் பழகியவள் நான். இங்கே அவள் மெட்டு எங்கே மூச்சு வாங்குகிறது என்று கேட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் முந்திக்கொண்டு விடுகிறேன். வருகிற வியாழன் அந்த இரண்டு இடங்களை மட்டும் பார்க்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.